காணாமல் போனவரின் குடும்பத்துக்கு அரசு என்ன தரும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கான பதில்கள் இவை. எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போன நாடு, போன ஆண்டு, கடைசியாகப் பேசிய தேதி, புகார் கொடுத்த நிலையம் ஆகிய நான்கும் இல்லாத கடிதத்துக்கு உருப்படியான பதில் சொல்ல முடியாது.

கேள்வி: சவூதியில் டிரைவராக இருந்த என் மகனிடமிருந்து எட்டு மாதமாகப் போன் இல்லை. கஃபீலைக் (அங்கே வேலைக்கு எடுத்த முதலாளியை) கேட்டால் "ஓடிவிட்டான்" என்கிறார். எங்களுக்கு அரசு மாத உதவி தருமா? (கீழக்கரை)

பதில்: வெளிநாட்டில் காணாமல் போனவரின் குடும்பத்துக்கென்று தனியாக மாத உதவித் திட்டம் எதையும் நம்பி இருக்க வேண்டாம். முதலில் ஆளைத் தேடுவோம். கஃபீல் அப்படிச் சொன்னால் மகன் மேல் ஹுரூப் (வேலையை விட்டு ஓடிவிட்டார் என்ற புகார்) பதிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பதிந்துவிட்டால் இகாமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) செல்லாது. பிடிபட்டிருந்தால் தர்ஹீலில் (நாடு கடத்தும் முன் அடைத்து வைக்கும் இடம்) போன் இல்லாமல் கிடக்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" இணையதளத்தில் இன்றே பதியுங்கள். பாஸ்போர்ட் நகல், இகாமா எண், கஃபீலின் பெயர், போன் எண் எல்லாவற்றையும் சேருங்கள். சிறை, மருத்துவமனை, பிணவறை மூன்றிலும் விசாரிக்கும்படி மனுவில் தெளிவாகக் கேளுங்கள். மூன்றாவதை எழுத எந்தத் தாய்க்கும் கை வராது, ஆனாலும் எழுதியாக வேண்டும். அதே மனுவின் நகல் கலெக்டருக்கும், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறை ஆணையரகத்துக்கும் போகட்டும்.

2009 முதல் தூதரகங்களில் இருக்கும் இந்தியச் சமூக நல நிதியைப் பற்றிப் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். அங்கே சிக்கியவருக்கு டிக்கெட், வக்கீல் செலவு, இறந்தவரின் உடலை அனுப்பும் செலவு போன்றவற்றுக்கான பணம் அது. இங்குள்ள குடும்பத்தின் அரிசி பருப்புக்கு அதிலிருந்து வராது.

உள்ளூர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். "வெளிநாட்டு விவகாரம்" என்று திருப்பி அனுப்பினால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மனு ரசீது கையில் வாங்காமல் நிலையத்தின் படியிறங்காதீர்கள்.

கேள்வி: ஏஜென்ட் அனுப்பிய தம்பியைக் காணவில்லை. என்ன செய்வது? (தொண்டி)

பதில்: கடிதம் மொத்தமே இவ்வளவுதான். எந்த நாடு, எந்த விசா, ஏஜென்டுக்கு உரிமம் உண்டா, ஒன்றும் இல்லை. காணாமல் போனது சொந்தத் தம்பி. ஒரு பக்கமாவது எழுதியிருக்கலாம். பொதுவாகச் சொல்கிறேன். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெறாதவர் ஆள் அனுப்புவதே குற்றம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரே நாளில் புகார் கொடுங்கள். பணம் கொடுத்த ஜி-பே பதிவை அழித்துவிடாதீர்கள். ரசீது, ரசீது, ரசீது.

கேள்வி: படகோடு பிடித்துப் போன என் கணவர் இலங்கைச் சிறையில் இருக்கிறார். தினப்படி உண்டா? (பாம்பன்)

பதில்: உண்டு. சிறையில் இருக்கும் நாட்களுக்கு மாநில அரசு தருகிறது. நீண்ட காலம் நாளொன்றுக்கு 250 ரூபாயாக இருந்தது, பிறகு உயர்த்தினார்கள். மீன்துறை அலுவலகத்தில் டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) பதிவில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒருவர் பெயரில் டோக்கன் போட்டு வேறொருவர் கடலுக்குப் போவதை நிறுத்துங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

கேள்வி: கணவர் காணாமல் போய் மூன்று ஆண்டு. அவர் பேரில் உள்ள எல்.ஐ.சி. பாலிசிக்குத் தவணை கட்டுவதை நிறுத்திவிடலாமா? (மண்டபம்)

பதில்: கூடவே கூடாது. நீதிமன்றம் இறந்தவராகக் கருதித் தீர்ப்பளிக்கும்வரை கட்டிக்கொண்டே இருங்கள். தவணை நின்று பாலிசி காலாவதியான ஒரு வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்கு எதிராகவே முடிவு சொன்னது. ஏழாண்டு முடிந்தால் இறந்தார் என்று கருதலாமே தவிர, காணாமல் போன அன்றே இறந்தார் என்று கருத முடியாது என்பதே அதன் சாரம்.

கேள்வி: கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. இறப்புச் சான்று கேட்டால் ஏழு வருடம் கழித்து வரச் சொல்கிறார்கள். இது நியாயமா? (மூக்கையூர்)

பதில்: சட்டம் அதுதான். பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 111-ஆவது பிரிவு. அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழாண்டு எதுவும் கேள்விப்படவில்லை என்று நிறுவினால், உயிரோடிருக்கிறார் என்று சொல்கிறவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். இதைத் தாசில்தார் தீர்மானிக்க முடியாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும்.

நியாயமா என்றால், இல்லை. மத்திய அரசு ஊழியர் காணாமல் போனால், புகார் பதிவாகி ஆறு மாதம் கழிந்ததும் குடும்ப ஓய்வூதியம் தருகிறார்கள். சுனாமியில் காணாமல் போனவர்களுக்குச் சிறப்பு உத்தரவு வந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் திரும்பாத மீனவர்களின் குடும்பங்களுக்கும் ஏழாண்டு காத்திருக்க வைக்காமல் 20 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஆகவே வழி இல்லாமல் இல்லை. நூறு பேர் ஒன்றாகப் போனால் அரசுக்குக் கண் தெரிகிறது. மூன்று பேர் போன ஒரு நாட்டுப்படகு திரும்பாவிட்டால் அந்த வீடுகளுக்கு மட்டும் முழு ஏழாண்டு. கடலோரக் காவல் தேடியதற்கு அறிக்கை இருக்கிறது, உடைந்த பலகை கரை ஒதுங்கியதற்குச் சாட்சி இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த ஏழாண்டில் அவர் பேரில் உள்ள வங்கிக் கணக்கை எளிதில் தொட முடியாது. பட்டாவை மாற்ற முடியாது. சங்கக் கடன் மட்டும் வட்டியோடு வீடு தேடி வரும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். கையில் பிளாஸ்டிக் கவர், உள்ளே ஆறேழு ஆண்டு மனு ரசீதுகள். மேலே இருந்தவற்றில் மை மங்கிவிட்டது. விதவை ஓய்வூதியத்துக்குப் போனால் இறப்புச் சான்று கேட்கிறார்கள். மகனின் பள்ளி விண்ணப்பத்தில் தகப்பன் பெயருக்கு முன்னால் "லேட்" போடவா வேண்டாமா என்று எழுத்தர் கேட்டாராம். அவர் பதில் சொல்லாமல் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கழுத்தில் தாலி இருந்தது.

தேடுதல் அறிக்கை இருக்கும் மீனவர் குடும்பத்துக்கு ஓராண்டுக்குள் சான்றும், அதுவரை மாத உதவியும் தர ஓர் அரசாணை போதும். ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் எஃப்.ஐ.ஆர். நகல், மீன்துறைப் பதிவு, தேடுதல் அறிக்கை மூன்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். ஏழாண்டு கழித்துப் போனால் கோப்பு இருக்காது. வழக்குச் செலவுக்குக் கடன் வாங்காதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

கேள்வி: கணவர் குவைத்தில் காணாமல் போனார். இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கு ஏதாவது? (தேவிபட்டினம்)

பதில்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வாத்சல்யா என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தின் நிதி ஆதரவுக்கு எழுதுங்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். தனித்து விடப்பட்ட தாயின் பிள்ளைகளும் அதில் வருவார்கள். இறப்புச் சான்று இல்லை என்று நீங்களாகவே முடிவு கட்டி உட்கார்ந்துவிடாதீர்கள். புகார் நகலை இணையுங்கள்.

கேள்வி: பிரவாசி பாரதிய பீமா காப்பீடு 10 லட்சம் கிடைக்குமா? (பெரியபட்டினம்)

பதில்: வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான இந்தக் காப்பீடு விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். காணாமல் போனதற்கு இல்லை. பாலிசி இரண்டு ஆண்டா, மூன்று ஆண்டா, எப்போது முடிந்தது என்பதைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணன் பஹ்ரைனில் இறந்துவிட்டதாக உடன் வேலை பார்த்தவர் சொல்கிறார். இங்கேயே வி.ஏ.ஓ.விடம் சொல்லி இறப்புச் சான்று வாங்கிவிடலாமா? (தங்கச்சிமடம்)

பதில்: வாங்க முடியாது, முயலவும் வேண்டாம். பொய்ப் பதிவு என்று உங்கள் மேல் வழக்கு வரும். இறப்பு அங்கே நடந்திருந்தால் அந்நாட்டுச் சான்றைக் கொண்டு இந்தியத் தூதரகம் பதிவு செய்யும். சொன்னவரின் பெயர், போன் எண், எந்த மருத்துவமனை என்பதை எழுதி வாங்கி, இன்றிரவே தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.