ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள், மணாலி வழியாக இறங்குங்கள்: லே பயணக் கேள்வி-பதில்

லடாக் அரசர்களின் தலைநகராக இருந்த லே நகருக்குப் போகும் வழிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

ஜூன் மாதம் அப்பா, அம்மாவோடு லே போகிறோம். ஸ்ரீநகர் வழி, மணாலி வழி இரண்டுமே நானூறு சொச்சம் கிலோமீட்டர் என்கிறார்கள். எதில் போவது?
– வாசகி, கோவை

தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 420 கி.மீ., மணாலியிலிருந்து அடல் சுரங்கம் வழியாகச் சுமார் 430 கி.மீ. வித்தியாசமெல்லாம் ராத்திரி எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலையேறுபவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி.

ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். முதல் ராத்திரி கார்கிலில், சுமார் 2,700 மீட்டர். மறுநாள் ஃபோட்டு லா கணவாயை (4,108 மீட்டர்) ஏறி இறங்கி, லாமாயூரு மடத்தைப் பார்த்துவிட்டு அல்ச்சியில் தங்கினால் சுமார் 3,100 மீட்டர். அதற்கடுத்த நாள் லே, 3,500 மீட்டர். படிப்படியாக ஏறுவதால் உடம்பு பழகிவிடும். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

மணாலி வழியில் இந்தப் படிகள் இல்லை. ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர். அடுத்து எல்லாரும் தங்கும் சார்ச்சு கூடாரங்கள் 4,290 மீட்டர். ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ராத்திரி பதினொரு மணிக்குத் தலைவலியும் வாந்தியுமாக எழுந்தால் கீழே இறங்குவதுதான் வைத்தியம். ஆனால் சார்ச்சுவிலிருந்து எந்தப் பக்கம் இறங்கப் போனாலும் முதலில் ஏற வேண்டும். தெற்கே பாராலாச்சா லா, ஏறத்தாழ 4,890 மீட்டர். வடக்கே லாச்சுலுங் லா, 5,000 மீட்டருக்கும் மேல். டூர் ஏஜென்ட் கொடுக்கும் அட்டவணையில் போகும்போது ‘சார்ச்சுவில் ஒரு இரவு’ என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

திரும்பும்போது கதை வேறு. லேவில் நாலைந்து நாள் இருந்து பழகிய உடம்புக்கு மணாலி சாலை சிரமம் தராது. விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி, சார்ச்சுவில் தங்காமல், இருட்டுவதற்குள் ஜிஸ்பா வந்துவிடலாம். காட்சிக்கு மணாலி சாலைதான் உசத்தி. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

ஸ்ரீநகர் வழியில் தொல்லை தரும் இடம் ஸோஜி லா. உயரம் 3,528 மீட்டர்தான், ஆனால் மழை பெய்தால் சேறும் மண்சரிவும். சில நாட்களில் வண்டிகளை ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே விடுவார்கள். அந்த நேரத்தைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவிப்பில் முதல் நாள் மாலையே பார்த்துவிடுங்கள். தவறவிட்டால் சோனமார்கில் அரை நாள் போய்விடும். 2025 ஜனவரியில் திறந்த சோனமார்க் சுரங்கம் சோனமார்க் வரைதான் உதவும். ஸோஜி லாவுக்கு அடியில் வெட்டும் சுரங்கம் வேறு. அமர்நாத் யாத்திரை நடக்கும் வாரங்களில், யாத்திரிகர் முகாம் இருக்கும் பால்டால் பக்கம் கெடுபிடி அதிகம், அறை கிடைப்பதும் கஷ்டம். யாத்திரை தொடங்கும் தேதிக்கு முன்பே அந்தப் பகுதியைக் கடந்துவிடப் பாருங்கள்.

டெல்லியிலிருந்து விமானத்தில் நேரே லேவில் இறங்கினால் மூன்று நாள் மிச்சமாகுமே?
– வாசகர், மதுரை

மிச்சமாகாது. சாலையில் பழக வேண்டிய உடம்பு அறையில் படுத்துப் பழகும், அவ்வளவுதான். இறங்கியதிலிருந்து 48 மணி நேரம் ஊர் சுற்றக் கூடாது. முதல் நாள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். தலைவலி பெரும்பாலும் அன்று ராத்திரிதான் ஆரம்பிக்கும். தலைவலியோடு இன்னும் உயரத்துக்குப் போகக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உயரத்துக்கு உடம்பு பழக உதவும் அசிட்டசோலமைட் மாத்திரையை மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். வழக்கமாகத் தருவது 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். இவை பக்கவிளைவுகள், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று: லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று வலுக்கும், காற்றின் அடர்த்தியும் குறையும். காலையில் மேகம் சூழ்ந்தால் அன்றைய விமானமே ரத்தாகலாம். அதனால் டெல்லியிலிருந்து ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை அதே நாளுக்குப் போடாதீர்கள்.

மணாலியிலிருந்து சொந்த பைக்கில் போகிறேன், 350 சிசி. பெட்ரோல் எவ்வளவு கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?
– வாசகர், ஓசூர்

கேலாங்குக்கு முன்னால் வரும் ‘தாண்டி’ என்ற ஊரின் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்று எழுதிய பலகை பிரபலம். கணக்கை அதிலிருந்து தொடங்குங்கள். சமவெளியில் லிட்டருக்கு 35 கொடுக்கும் வண்டி, சுமையும் ஏற்றமும் சேர்ந்தால் 25க்கு இறங்கலாம். 365ஐ 25ஆல் வகுத்தால் 14.6 லிட்டர். உங்கள் டேங்க் 13 லிட்டர் என்றால், 5 லிட்டர் கேன் ஒன்று எடுத்தால் தாராளம். கேனை விளிம்புவரை நிரப்பாதீர்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து கேன் உப்பும். மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும்.

கார்புரேட்டர் வண்டியென்றால் டாங்லாங் லாவில் (5,300 மீட்டருக்கு மேல்) இழுவை போய்விடும். காற்று மெலிந்திருக்க, பெட்ரோல் மட்டும் அதே அளவு வருவதால் முழுதாக எரியாமல் கரும்புகை தள்ளும். கிளட்சைப் பிடித்து விரட்டாமல் முதல் கியரில் ஏறுங்கள். எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி தானே சரிசெய்துகொள்ளும், ஆனாலும் வேகம் குறையத்தான் செய்யும்.

சாலையை மறித்து ஓடும் நாலாக்களை (மலை ஓடைகளை) மதியத்துக்குள் கடந்துவிடுங்கள். வெயிலில் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் பிற்பகலில் முழங்காலுக்கு வந்துவிடும். உள்ளே உருண்டைக் கற்கள். முன்னால் போகும் லாரியின் தடத்தைப் பார்த்து, ஒரே சீரான ஆக்ஸிலரேட்டரில், நடுவில் நிறுத்தாமல் போக வேண்டும்.

உங்கள் வண்டி சொந்த வண்டி என்பதால் பிரச்சினை இல்லை. மணாலியில் வாடகைக்கு எடுத்தால் அதை லே வரைதான் ஓட்டலாம். பாங்காங் ஏரி, நுப்ரா பள்ளத்தாக்கு பக்கம் போக லேவில் வேறு வண்டி எடுக்கச் சொல்வார்கள். வெளி மாநில டாக்ஸிகளுக்கும் இதே கதிதான்.

ரயிலில் எதுவரை போகலாம்?
– வாசகி, நாகர்கோவில்

ஸ்ரீநகர் வரை. கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை கட்ரா போகிறது. கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் 2025 ஜூனில் தொடங்கியது. சுமார் மூன்று மணி நேரம், செனாப் பாலம் வழியாக. ஸ்ரீநகரிலிருந்து கார்கிலுக்கு ஷேர் டாக்ஸி உண்டு. மூன்று இரவு ரயிலில் கழித்த பிறகு ஸ்ரீநகரில் ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு ஏறுங்கள்.

ஃபோன் வேலை செய்யுமா?
– வாசகர், சேலம்

வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்டு வேண்டும். மணாலி சாலையில் தார்ச்சா தாண்டினால் உப்ஷி பக்கம் வரும்வரை பெரும்பாலும் சிக்னலே இருக்காது என்பதால், கிளம்புமுன் வீட்டில் சொல்லிவிடுங்கள். வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய தலைநகரத்தைப் பார்க்கத்தான் போகிறேன். எந்த வரிசையில் பார்ப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

ஸ்ரீநகர் வழியில் வந்தால் லேவுக்குச் சுமார் 40 கி.மீ. முன்பே பாஸ்கோ வரும். கீழ் லடாக் அரசர்கள் இருந்த இடம் அது. கோட்டையின் மண்சுவர்கள் குன்றின்மேல் இன்னும் நிற்கின்றன. வரும் வழியிலேயே பார்த்துவிடுங்கள், ஆனால் மேலே வரை ஓடி ஏறாதீர்கள். லே வந்து ஓய்வு முடிந்ததும் ஷே போகலாம். லேவுக்கு முந்தைய தலைநகரம், 15 கி.மீ. தூரம். சிந்து நதியோரத்தில் லேவைவிடச் சற்றுத் தாழ்வாக இருப்பதால் மூச்சு முட்டாது.

லடாக் அரசர் செங்கே நம்கியால் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒன்பது மாடி லே அரண்மனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஊர்ச் சந்துகள் வழியாக நடந்து ஏறுவது செங்குத்து. முட்டிவலி இருப்பவர்கள் வண்டிப் பாதையில் வாசல்வரை போகலாம். உள்ளே படிகள் உயரம், தாழ்வாரங்கள் இருட்டு, வாசல் நிலைகள் தலையில் இடிக்கும். ஒரு டார்ச் எடுத்துப் போங்கள்.