மொழி போன பின்னும் டெக்சாஸ் செக் மக்களின் அடையாளம் நிலைத்தது எப்படி?

தாய்மொழியை இழந்த பிறகும் டெக்சாஸின் செக் வம்சாவளியினர் தங்களைச் செக்குகள் என்று சொல்லிக்கொள்வதில் பொருள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உண்டு என்பதே என் கருத்து.

1850-களில் வேகம்பெற்ற செக் குடியேற்றத்தில் டெக்சாஸுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர், இன்றைய செக் நாட்டின் கிழக்கிலுள்ள மொராவியப் பகுதி உழவர்கள். அவர்கள் ஃபயெட், லவாக்கா போன்ற மாவட்டங்களில் அருகருகே நிலம் வாங்கிக் குடியமர்ந்து, தேவாலயம், பள்ளி, செக் மொழிச் செய்தித்தாள், 1897-இல் நிறுவப்பட்ட எஸ்.பி.ஜே.எஸ்.டி. என்னும் பரஸ்பர உதவிச் சங்கம் ஆகியவற்றைத் தமக்கென உருவாக்கிக்கொண்டதால், அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளிடம்கூட செக் மொழியின் மொராவியப் பேச்சுவழக்கு வீட்டுமொழியாக வாழ்ந்தது. சிகாகோவின் நிலைமை வேறு; அங்கே செக்குகள் தனித்து நில்லாமல் பிற குடியேறிகளோடு கைகோத்தனர். செக் நாட்டின் க்ளாட்னோ நகரில் பிறந்த ஆன்டன் செர்மாக், செக் வாக்குகளைப் பிற குடியேறிகளின் வாக்குகளோடு இணைத்து 1931-இல் அந்நகர மேயரானார்.

டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்ற 1918-ஆம் ஆண்டுச் சட்டமும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் பண்ணைகளை விட்டு நகரங்களுக்குச் சென்றதும் செக் மொழியைத் தளர்த்தின. ஆயினும் போல்கா நடனமும் கோலாச்சே என்னும் இனிப்பு ரொட்டியும் தொடர்கின்றன. தொத்திறைச்சியை உள்ளே வைத்துச் சுடும் க்ளோபாஸ்னிக் டெக்சாஸ் செக் சமூகத்திலேயே தோன்றியது. செக் நாட்டில் இல்லாத பண்டம் என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்குவது, டெக்சாஸில் தலைமுறைகளாக வாழ்ந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.