கண்டுபிடிக்காத வானாய்வகம்

கேள்வி: மகள் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் போயிருந்தபோது கிரிஃபித் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஊர் வெளிச்சத்தில் நட்சத்திரமே தெரியவில்லை, இருப்பதும் 12 அங்குல அகல லென்ஸ் வைத்த தொலைநோக்கி. பெரிதாக எதையும் கண்டுபிடிக்காத இடத்துக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: கண்டுபிடிப்பதற்காக அதைக் கட்டவே இல்லை. ஆராய்ச்சிக்கென்று வில்சன் மலை வானாய்வகம் பக்கத்திலேயே இருந்தது. அங்கே இருந்த 60 அங்குலத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்த கிரிஃபித் ஜே. கிரிஃபித் என்ற பணக்காரர், இந்தக் காட்சி விஞ்ஞானிகளோடு நின்றுவிடக் கூடாது, ஜனங்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். 1896இலேயே நகரத்துக்கு 3,015 ஏக்கர் நிலம் கொடுத்தவர், 1912இல் வானாய்வகம் கட்ட ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். ஆனால் இடையில், 1903இல், மனைவியைத் துப்பாக்கியால் சுட்டுச் சிறைக்கும் போய்வந்திருந்தார் (அந்த அம்மாள் உயிர் தப்பிவிட்டார்), அதனால் அவர் பணத்தைத் தொடவே கூடாது என்று ஊரில் எதிர்ப்பு. 1919இல் அவர் இறந்த பிறகு, உயிலில் விட்டுப்போன பணத்தில்தான் வேலை நடந்து, 1935 மே 14 அன்று திறந்தார்கள்.

சரி, உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய பித்தளைக் குண்டு ஆடிக்கொண்டிருக்குமே, பார்த்தீர்களா? 240 பவுண்டு எடை, 40 அடிக் கம்பியில் தொங்குகிறது. சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னக் குச்சிகள் நிற்கும். குண்டு ஒரே தளத்தில் ஆட, கீழே பூமி மெல்லத் திரும்ப, கொஞ்ச நேரத்துக்கு ஒரு குச்சி தட்டுப்பட்டு விழும். பூமி சுழல்கிறது என்று புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்த பிள்ளை, அந்தக் குச்சி எப்போது விழும் என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அதற்காகத்தான் ஐயா அந்தக் கட்டடம்.

2002இல் மூடி, 9 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2006இல் மறுபடி திறந்தபோது, கீழ்த்தளத்தில் 152 அடி நீளத்துக்கு ஒரு வானப் படம் வைத்தார்கள். எதிரே பெஞ்சில் ஐன்ஸ்டீன் சிலை ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்படி நீட்டிய விரல் மறைக்கிற வானம் எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தச் சுவர் முழுக்க இருக்கிறது, அதற்குள் நம் பால்வீதி மாதிரி எத்தனையோ விண்மீன் மண்டலங்கள்! எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது இதுதான்.

அப்புறம் அந்த 12 அங்குலத் தொலைநோக்கி. நிலாவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் பார்க்க இருட்டு வானம் தேவையில்லை, நகர வெளிச்சத்திலும் தெரியும். எழுபது லட்சம் பேருக்கு மேல் அதில் பார்த்திருக்கிறார்கள், கட்டணம் ஒரு பைசா கிடையாது. நீங்கள் அந்த வரிசையில் நின்று பார்த்தீர்களா இல்லையா என்று உங்கள் கேள்வியில் இல்லை. மறுபடி மகள் வீட்டுக்குப் போனால், மேகமில்லாத ராத்திரியாகப் பார்த்து நில்லுங்கள்.