பல் கிளினிக் உதவியாளர் படிப்பு: பீஸ், கடன், சம்பளம் பற்றிக் கேட்டவர்களுக்கு

குன்னூரில் ஒரு பல் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். முதல் பதினொரு வருடம் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷன் பிடித்தேன். இப்போது ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது, சாமான் வாங்குவது என் வேலை. பல் வலிக்கு மாத்திரை மட்டும் கேட்காதீர்கள், அதற்கு டாக்டர் இருக்கிறார்.

கட்டபெட்டிலிருந்து ஓர் அம்மா: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கோவையில் ஒரு வருட டென்டல் அசிஸ்டென்ட் படிப்பு, பீஸ் 90,000. விடுதி, சாப்பாடு 60,000. அவர்களே கடன் ஏற்பாடு செய்கிறார்களாம், 12 சதவீத வட்டி. சேர்க்கலாமா?

பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள் அம்மா. கோத்தகிரியிலும் குன்னூரிலும் மூன்று கிளினிக்குகளுக்கு மகளோடு போய், "புதிதாக வரும் பெண்ணுக்கு என்ன கொடுப்பீர்கள், சான்றிதழ் இருந்தால் எவ்வளவு கூட?" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். எனக்குத் தெரிந்த கிளினிக்குகளில் 8,000 முதல் 12,000 வரை. சான்றிதழுக்கு ஆயிரம் கூடும், சில இடங்களில் அதுவும் இல்லை.

இப்போது கடனுக்கு வருவோம். 1,50,000 ரூபாய், 12 சதவீதம், மூன்று வருடம். வட்டி, கட்டக் கட்டக் குறையும் பாக்கித் தொகைக்கு மட்டும் என்றால் மாதத் தவணை 4,982. 10,000 சம்பளத்தில் பாதி போய்விட்டது. அதே 12 சதவீதம் ஃபிளாட் வட்டி, அதாவது கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி என்றால் தவணை 5,667. பேருக்குத்தான் 12, உண்மையில் 21 சதவீதம் அளவுக்கு வரும். எந்த வட்டி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோவையிலேயே வேலை பார்த்தால் கூடக் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். கூடக் கிடைப்பது அறை வாடகைக்குப் போகும்.

தொழிற்பயிற்சிக்கு வங்கிகள் தரும் திறன் கடனுக்கு 2024இல் உச்சவரம்பை ஒன்றரை லட்சத்திலிருந்து ஏழரை லட்சமாக உயர்த்தினார்கள். அது உங்களுக்குக் கிடைக்கக்கூடிய தொகை, வாங்க வேண்டிய தொகை அல்ல. நானாக இருந்தால் பெண்ணை ஆறு மாதம் ஒரு கிளினிக்கில் விட்டுப் பார்ப்பேன். ரத்தத்தைக் கண்டு மயங்கினால் 1,50,000 மிச்சம்.

இரண்டு எச்சரிக்கை. ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் விட்டு வராதீர்கள். வேலையில் சேரும் முன் ஹெபடைடிஸ் பி ஊசி போடத் தொடங்குங்கள். 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி.

அருவங்காட்டிலிருந்து: அசிஸ்டென்ட், ஹைஜீனிஸ்ட் இரண்டும் ஒன்றா? "அரசுப் பதிவு உண்டு" என்கிறார்கள்.

ஒன்றில்லை. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் பதிவேடு வைக்கச் சொன்னது மூன்று பேருக்கு: டாக்டர், ஹைஜீனிஸ்ட், மெக்கானிக் (செயற்கைப் பல் செய்பவர்). நாற்காலி உதவியாளர் அந்த மூன்றில் இல்லை. ஹைஜீனிஸ்ட் படிப்பு இரண்டு வருட டிப்ளமா, பல்லைச் சுத்தம் செய்யும் வேலையே அவர்களுடையது. பதிவு உண்டு என்பவரிடம் எந்தச் சட்டம், எந்தப் பதிவேடு என்று கேளுங்கள்.

எடப்பள்ளியிலிருந்து: 1,10,000 பீஸ், கடனில் சேரலாமா?

கட்டபெட்டு அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேத்தியிலிருந்து ஒருவர்: அக்கா, சக்‌ஷன் பிடிக்கவும் ஆட்டோகிளேவ் பட்டன் அழுத்தவும் படிப்பு எதற்கு? பிரஷர் குக்கர் வைக்கத் தெரிந்தால் போதாதா?

வாங்க தம்பி. ஆட்டோகிளேவ் என்பது கருவிகளை அழுத்தமான நீராவியில் வைத்துக் கிருமி கொல்லும் மெஷின். கடல் மட்டத்தில் 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரிக்குப் போகும், பதினைந்து நிமிடம் வைத்தால் கிருமி சாகும். புத்தகம் அதோடு நிறுத்திக்கொள்ளும். குன்னூர் இருப்பது 6,000 அடியில். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடிகார முள் வைத்த பழைய ஆட்டோகிளேவில் முள் 15 காட்டும்போது உள்ளே 118தான். ஆயிரம் அடிக்கு அரை பவுண்டு கூட்ட வேண்டும், நமக்கு 18. நான் சேர்ந்த புதிதில் இது யாருக்கும் தெரியாது. சான்றிதழ் வாங்கி வந்தவருக்கும் தெரியவில்லை.

மறுபடியும் கேத்தி: 15 பவுண்டு என்றால் எங்கேயும் 15 பவுண்டுதானே?

முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும். வெளிக்காற்றே இங்கே மெலிந்துதானே இருக்கிறது? பருப்பு வேக இங்கே ஏன் நேரமாகிறது என்று வீட்டில் கேளுங்கள்.

அருவங்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்: அம்மா சொல்வது சரி. ஆனால் வால்வைத் திருகி 18க்கு ஏற்றச் சொல்லாதீர்கள், ஆபத்து.

நன்றி ஐயா, அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சேஃப்டி வால்வில் கை வைக்கக் கூடாது, கம்பெனி ஆளைத்தான் கூப்பிட வேண்டும். வெப்பத்தைத் தானே அளக்கும் புது மெஷினுக்கு இந்தக் கவலை இல்லை.

கேத்தி: அப்படியென்றால் படிப்பு வேண்டாம் என்றுதானே ஆகிறது?

சொல்லிக் கொடுக்கும் இடமாக இருந்தால் வேண்டும். சேரும் முன் அங்கே ஆட்டோகிளேவ் இருக்கிறதா, ஆல்ஜினேட் என்ற அச்சுப் பொடியைக் கலக்கிப் பல் அச்சு எடுக்க எத்தனை முறை விடுவார்கள் என்று கேட்க வேண்டும். டிசம்பரில் குழாய்த் தண்ணீரில் கலக்கினால் அது இறுகவே இறுகாது, நோயாளி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார். வெதுவெதுப்பான தண்ணீர் சேர்க்க எனக்குத் தோன்றவே இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

மஞ்சூரிலிருந்து: ஆட்டோகிளேவ் பேச்சு போதும். 80,000க்குத் தவணை எவ்வளவு?

12 சதவீதம், மூன்று வருடம் என்றால் 2,657. ஃபிளாட்டா என்று கேட்டீர்களா?

குன்னூரிலிருந்து: சித்தி மகள் நியூ ஜெர்சியில் இதே படிப்பில் சேர நினைக்கிறாள். அங்கே எப்படிப் பார்ப்பது?

அந்த ஊரில் நான் வேலை செய்ததில்லை, ஆனாலும் அவர்கள் கணக்கு எனக்குப் பிடிக்கும். 2023 மே நிலவரப்படி அமெரிக்கா முழுவதற்குமாக டென்டல் அசிஸ்டென்ட்டின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேருக்கு அதற்கு மேல், பாதிப் பேருக்குக் கீழ்) வருடத்துக்கு 46,540 டாலர். அந்நாட்டுக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் படித்தவர்களின் சம்பளமும் கடனும் கல்லூரிவாரியாக இருக்கும். இந்த மாதிரிப் படிப்புகளுக்கு 2023இல் ஒரு விதியும் போட்டார்கள். வருடத் தவணை வருடச் சம்பளத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது அடிப்படைச் செலவு போக மிஞ்சுவதில் 20 சதவீதத்துக்குள்.

அந்த 8 சதவீதத்தை நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 சம்பளத்துக்கு மாதம் 800 ரூபாய். 12 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு அது 24,000 ரூபாய்க் கடனைத்தான் தாங்கும். இதைக் கட்டபெட்டு அம்மாவும் படிக்கட்டும்.

தேவர்சோலையிலிருந்து: ஆண்கள் சேரலாமா?

தாராளமாக. மெக்கானிக் படிப்பையும் விசாரியுங்கள் தம்பி.

கோத்தகிரியிலிருந்து: நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்கிறார்கள்...

போன வருடம் சேர்ந்தவர்களில் ஐந்து பேரின் போன் நம்பர் கேளுங்கள். என் தங்கையும் இப்படி ஓர் இடத்தில் சேர்ந்தாள். கொடுத்த வேலை மாதம் 6,000, அதுவும் திருப்பூரில். வேண்டாம் என்றதற்கு மார்க் ஷீட்டைத் தராமல் நான்கு மாதம் இழுத்தார்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள் என்று மறுபடியும் மறுபடியும் சொல்வது அதனால்தான்.

எடப்பள்ளியிலிருந்து: 1,10,000 பற்றித் தனியாகச் சொல்லுங்களேன்.

அதே வட்டி, அதே மூன்று வருடம் என்றால் தவணை 3,654. மற்றதை மேலே படியுங்கள்.

கேத்தி: அக்கா, அந்த முள்ளை நேரில் பார்க்கலாமா?

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வாங்க, அப்போது நாற்காலி காலியாக இருக்கும். கட்டபெட்டு அம்மா, நீங்களும் மகளை அன்றைக்கே கூட்டி வாருங்கள். அச்சுப் பொடி ஒரு பாக்கெட் பிரித்து வைக்கிறேன், கலக்கிப் பார்க்கட்டும்.