ஃபென்வே பார்க் போகும் முன் தெரிய வேண்டியது

பாஸ்டன் ஆபீஸில் எல்லோரும் 2004, 2004 என்கிறார்கள், ஊர் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் மைதானம் ஃபென்வேக்கு ஆபீஸ் டீமோடு மேட்ச் பார்க்கப் போகுமுன் எதைத் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முழு வரலாறும் வேண்டாம், ஒரு ராத்திரியின் கதை போதும்.

ரெட் சாக்ஸ் 1918-க்கு அப்புறம் 2004 வரை கோப்பையே வாங்கவில்லை. நட்சத்திர வீரர் பேப் ரூத்தை நியூயார்க் அணியான யாங்கீஸுக்கு விற்ற சாபம் என்று ஊரே புலம்பியது. 2004-ல், நான்கு ஆட்டம் ஜெயிக்க வேண்டிய அரையிறுதி மாதிரியான தொடரில் அதே யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டமும் காலி, மூன்றாவதில் 19-8 என்று செம அடி. நான்காவது ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 என்று பின்தங்கி நிற்கிறார்கள், எதிரே யாங்கீஸின் பந்துவீச்சாளர் மரியானோ ரிவேரா. முதல் பேஸில் (ரன் எடுக்கச் சுற்றி ஓட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) மாற்று ஓட்டக்காரராக டேவ் ராபர்ட்ஸ் வருகிறார். பேட்டர் அடிக்கும் வரை காத்திருக்காமல் அவர் இரண்டாவது பேஸுக்கு ஓடப்போகிறார் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கே பந்தை எறிந்து மிரட்டிப் பார்த்தார், ஆனாலும் அடுத்து பேட்டருக்கு வீசியதுமே ராபர்ட்ஸ் பாய்ந்து, மயிரிழையில் இரண்டாவது பேஸைப் பிடித்துவிட்டார். பில் மில்லர் அடித்த அடியில் ஸ்கோர் சமன், நள்ளிரவு தாண்டி 12-வது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸின் டேவிட் ஓர்ட்டிஸ் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடிக்க, ஆட்டம் கையில். அடுத்த மூன்றும் ஜெயித்து, இறுதித் தொடரில் கார்டினல்ஸை 4-0 என்று முடித்தார்கள்.

அப்புறம், 1986 இறுதித் தொடரில் பந்தைக் காலுக்கிடையில் விட்ட ரெட் சாக்ஸ் வீரர் பில் பக்னரைக் கிண்டல் செய்யாதீர்கள். 2008-ல் அதே ஃபென்வேயில் அவரை எழுந்து நின்று கைதட்டி வரவேற்ற கூட்டம் இது.