சிட்ரஸ் பெர்ஃப்யூம் அரை மணியில் பறந்துவிடுகிறதே, வாங்கலாமா?

"எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை பெர்ஃப்யூம் எதை அடித்தாலும் அரை மணியில் காணோம். அப்புறம் ஏன் இத்தனை பேர் அதைக் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாயங்காலம் வரை நிற்கும் என்று நம்பி வாங்கினால் காசுக்குக் கேடு. அடித்த முதல் அரை மணிக்காக வாங்கினால், திருநெல்வேலி வெயிலுக்கு அதை அடித்துக்கொள்ள வேறில்லை. நான் இரண்டாவது கட்சி.

எங்கள் பக்கம் புளியங்குடி. எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர், 2025இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது அங்கே மூக்கில் ஏறுவது சாற்றின் புளிப்பு அல்ல, தோலின் வாசம். பெர்ஃப்யூம்காரர்களுக்கு வேண்டியதும் அந்தத் தோல்தான். ஒரு துண்டுத் தோலை மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கத்தில் மடக்கிப் பிதுக்கிப் பாருங்கள், படபடவென்று பொறி தெறிக்கும். அந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். 'இது எலுமிச்சை' என்று மூக்குக்குக் காட்டிக்கொடுப்பது சிட்ரால். இரண்டுமே சின்ன மூலக்கூறுகள், சட்டென்று ஆவியாகிவிடும். அதனால்தான் திறந்ததும் முகத்தில் அடிக்கிறது, அதனால்தான் ஓடியும் போகிறது. விலை உயர்ந்த பாட்டிலிலும் இதே கதைதான்.

பாளையங்கோட்டையில் படிக்கும் என் அக்கா மகன், "எம்புட்டு அடிச்சாலும் நிக்க மாட்டேங்கு மாமா" என்று புலம்புவான். எலுமிச்சையை நிற்கவைக்க முடியாது மாப்பிள்ளை, அதற்கு அடியில், மெதுவாகப் பறக்கிற வாசனையாக என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார் என்பேன். 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரினா என்பவர் தொடங்கிய வாசனைக் கடையின் சரக்கு, பெர்கமாட் என்ற ஆரஞ்சு இனப் பழம், எலுமிச்சை, ஆரஞ்சு என்று மேலே பறக்கிற வகை. காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போடுவோமே, அந்த யூடிகோலன் இந்த வம்சம்தான். 1966இல் டியோர் என்ற பிரெஞ்சுக் கம்பெனிக்காக பெர்ஃப்யூம்காரர் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா செய்த 'ஓ சோவாஜ்' இன்னொரு ரகம். எலுமிச்சைக்குக் கீழே மல்லிகைச் சாயலுள்ள ஹெடியோன் என்ற செயற்கைப் பொருளைச் சேர்த்தார். பழ வாசம் அடங்கின பிறகும் அந்தக் குளிர்ச்சி கொஞ்ச நேரம் சட்டையில் கிடக்கும். கடையில் கேட்கும்போது, அடியில் வெட்டிவேர் இருக்கிறதா என்று கேளுங்கள். கோடையில் மண்பானைத் தண்ணீரில் போடுகிற அதே வேர்தான். எலுமிச்சையோடு அது சேர்ந்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

இன்னொன்று, பெட்டிகிரெய்ன். கசப்பு ஆரஞ்சு மரத்தின் இலையையும் சின்னக் கிளையையும் காய்ச்சி வடிக்கிற எண்ணெய். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் பச்சை. வேப்பிலைக்கட்டிக்கு நாரத்தை இலை நறுக்கிய கையை மோந்திருந்தால் கிட்டத்தட்ட அது பிடிபடும். வெறும் பழ வாசம் மிட்டாயாக மாறிவிடாமல் காப்பது இந்தக் கசப்புதான் என்பது என் எண்ணம். அது இல்லாத மலிவு சரக்கு சில நேரம் பாத்திரம் கழுவும் சோப்பை ஞாபகப்படுத்துகிறது, உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

உடம்பில் மட்டும் அடிக்காமல் பருத்திச் சட்டையிலும் அடியுங்கள், கொஞ்சம் கூட நிற்கும். வெள்ளைச் சட்டை என்றால் உள்பக்கமாக. பாட்டிலை ஜன்னலோரத்திலோ வண்டியின் டேங்க் கவரிலோ வைக்காதீர்கள். சூட்டிலும் காற்றுப் பட்டும் லிமோனீன் கெட்டு, வாசனை காறிப்போகும். சுத்தமான எலுமிச்சைத் தோல் எண்ணெய் என்று விற்பதை நேராகக் கையில் தடவிக்கொண்டு வெயிலில் இறங்குவதும் வேண்டாம். பிழிந்தெடுத்த எண்ணெயில் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கிக் கறுப்பாக்கிவிடும்.

பெரிய பாட்டிலுக்குப் பதில் பையில் போடுகிற சின்னது வாங்கி, மத்தியானம் முகம் கழுவிவிட்டு இன்னொரு தடவை அடித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முதல் ராத்திரிச் சாப்பாடு வரை மணக்க வேண்டிய கல்யாண வீடு என்றால் இதை விட்டுவிட்டு அத்தர் பக்கம் போங்கள்.