ஆப்பிரிக்க இசைக்கலைஞர்களும் விக்கிப்பீடியாவும்: கேள்வி பதில்

இக்கால ஆப்பிரிக்க இசைக்கலைஞர்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் விக்கிப்பீடியாக் கட்டுரைகள் எழுதியும் திருத்தியும் வருபவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: நைஜீரியாவின் பர்னா பாய், தென்னாப்பிரிக்காவின் டைலா போன்ற பாடகர்களுக்கு நீளமான கட்டுரைகள் ஏற்கெனவே இருக்கின்றனவே, தன்னார்வலர்களுக்கு இன்னும் என்ன வேலை மிச்சம்?

நீங்கள் சொன்ன இருவரும் கிராமி விருது பெற்றவர்கள். 2021இல் பர்னா பாயின் இசைத்தொகுப்புக்கு ஒரு கிராமியும், 2024இல் டைலாவின் ‘வாட்டர்’ பாடலுக்கு, முதன்முறையாக வழங்கப்பட்ட ஆப்பிரிக்க இசைக்கான கிராமியும் கிடைத்தபோது உலகச் செய்தி நிறுவனங்கள் எல்லாம் எழுதின. அப்படிப்பட்டவர்களின் கட்டுரைகளை நாம் தொடாவிட்டாலும் யாராவது பார்த்துக்கொள்வார்கள். வெற்றிடம் அதற்குக் கீழே இருக்கிறது. கொங்கோ ரும்பா என்ற நடன இசை 2021இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்த இசையின் உயிர்நாடி, பாட்டின் பிற்பகுதியில் கிதார்கள் வேகமெடுக்கும் ‘செபேன்’ என்ற பகுதி. ஆனால் பாடியவருக்குத் தனிக்கட்டுரை இருக்கும். பத்தாண்டுக் காலம் அவருக்கு அந்தச் செபேனை வாசித்தவர் பெரும்பாலும் அதற்குள் ஒரு பெயராக மட்டுமே இருப்பார். இசையமைப்பாளர்கள், வாத்தியக்காரர்கள், ஒரே மொழியின் வானொலியில் மட்டும் புகழ்பெற்ற பாடகிகள் ஆகியோரே நம் வேலை என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: யூடியூபில் பல லட்சம் பேர் பார்த்த கென்யப் பாடகர் ஒருவரைப் பற்றி எழுதினால் அந்தக் கட்டுரை நிற்குமா?

பார்வை எண்ணிக்கையை மட்டும் வைத்து எழுதினால் நிற்காது. அவரோடு தொடர்பில்லாத நம்பகமான வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்பதே குறிப்பிடத்தக்கமையின், அதாவது ஒருவருக்குத் தனிக்கட்டுரை இருக்கலாமா என்பதற்கான விக்கிப்பீடியா அளவுகோலின், அடிப்படை. இசைக்கலைஞர்களுக்கெனத் துணை விதிகளும் உண்டு. நாட்டின் பாடல் தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றிருப்பது அவற்றுள் ஒன்று. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இயல்பாகப் பொருந்தும் இந்த விதி ஆப்பிரிக்காவில் பல இடங்களில் பொருளற்றுப் போகிறது. நைஜீரியாவின் டர்ன்டேபிள் பட்டியல் 2020இல்தான் தொடங்கியது. அதற்கு முன் லாகோசின் அலாபா சந்தையில் ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும், அதுவும் பாதி திருட்டுப் பதிப்பாக, விற்றுத் தீர்ந்தவற்றுக்குக் கணக்கு வைத்தவர் எவருமில்லை. ஆகவே பட்டியல் இல்லையே என்று சோர்வடையாமல் வேறு விதிகளைத் தேடுங்கள். தென்னாப்பிரிக்க இசை விருதுகள் 1995 முதலும், நைஜீரியாவின் ஹெடிஸ் விருதுகள் 2006 முதலும் வழங்கப்படுகின்றன. முக்கிய விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருப்பதும் வலுவான சான்றாகும். சான்றுகள் கைக்கு வந்த பிறகு மணல்தொட்டியில் (எழுதிப் பார்ப்பதற்கான விக்கிப்பீடியாப் பக்கத்தில்) எழுதத் தொடங்குவதே நல்லது; பாட்டின் மீதுள்ள ஆசையில் முதலில் எழுதிவிட்டுப் பிறகு சான்று தேடுவோர் பெரும்பாலும் பாதிவழியில் நின்றுவிடுகிறார்கள்.

கேள்வி: ஒரே புகழுரை மூன்று செய்தித்தளங்களில் வருகிறது. மூன்றையும் மேற்கோளாகக் காட்டலாமா?

கூடாது. சென்ற மாதம் இப்படி மூன்று பக்கங்களை அருகருகே திறந்து வைத்துப் பார்த்தேன். இரண்டாம் பத்தியில் ஊர்ப்பெயரில் இருந்த எழுத்துப்பிழை மூன்றிலும் அப்படியே இருந்தது. அது பாடகரின் விளம்பரத்தைக் கவனிப்பவர் அனுப்பிய குறிப்பு. மூன்று தளங்கள் வெளியிட்டாலும் அதைச் சுதந்திரமான ஒரு சான்றாகக்கூடக் கொள்ள முடியாது. எழுதியவர் பெயர் இல்லாமை, அடைமொழிகளின் குவியல், முடிவில் நிகழ்ச்சிக்கு அழைக்கத் தொலைபேசி எண் ஆகியவை அதன் அடையாளங்கள். செய்தியாளருக்குப் பணம் கொடுத்துச் செய்தி போடுவதை நைஜீரியாவில் ‘பழுப்பு உறை’ என்று சொல்லும் அளவுக்கு அது பழகிப்போன ஒன்று. எனினும் அதற்காக அந்நாட்டு இதழ்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது பெரும் அநீதி. அதே நாளிதழில் பெயருடன் வெளியாகும் இசை விமர்சனம், குறிப்பாகக் குறைகளையும் எடுத்துச் சொல்லும் விமர்சனம், முதல்தரச் சான்றாகும். நேர்காணலை எடுத்துக்கொண்டால், பிறந்த ஊர், ஆசிரியர் பெயர் போன்றவற்றுக்கு அது பயன்படும். குறிப்பிடத்தக்கமையை நிறுவ உதவாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. லாகோசிலிருந்து 1983 முதல் வெளிவரும் ‘தி கார்டியன்’ வேறு, லண்டனின் ‘தி கார்டியன்’ வேறு. மேற்கோளில் முன்னதைக் குறிப்பிட்டுவிட்டுப் பின்னதைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரைக்கு உள்ளிணைப்புக் கொடுத்திருப்பதை அடிக்கடி திருத்த வேண்டியிருக்கிறது.

கேள்வி: எத்தியோப்பியப் பாடகி ஆஸ்தர் அவெகேயைக் கட்டுரையில் ‘அவெகே’ என்று குறிப்பிடுவது சரியா?

சரியன்று. அவெகே என்பது அவருடைய தந்தையின் பெயர். எத்தியோப்பியாவில் குடும்பப்பெயர் வழக்கம் கிடையாது. தன் பெயரைத் தொடர்ந்து தந்தை பெயர் வரும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நம்மில் ஒருவரை அவருடைய அப்பா பெயரால் கட்டுரை முழுதும் அழைத்தால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இதுவும். ஆகவே ஆஸ்தர் என்றே எழுதுங்கள். எத்தியோ ஜாஸின் தந்தை எனப்படும் முலாத்து அஸ்தாத்கேயை முலாத்து என்று எழுதுங்கள். அகரவரிசையும் அப்படியே அமைய வேண்டும். விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் ‘குடும்பப்பெயர்’ என்ற இடத்தில் தந்தை பெயரை யாரேனும் நிரப்பியிருந்தால் நீக்கிவிடலாம்.

கேள்வி: பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றலாமா?

ஒலியைப் பின்பற்றுங்கள். செனகல் நாட்டுப் பாடகர் யூசூ ந்தூரை எடுத்துக்கொள்வோம். மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது என்ற மரபின்படி முன்னால் ஓர் இகரம் சேர்த்தால் அவர் ‘இந்தூர்’ ஆகி மத்தியப் பிரதேசத்துக்குப் போய்விடுவார். இத்தகைய இடங்களில் நான் இலக்கணத்தைச் சற்றுத் தளர்த்துகிறேன். ஒப்பாதவர்கள் கட்டுரையோடு இணைந்த கலந்துரையாடல் பக்கமான பேச்சுப் பக்கத்தில் வாதிடலாம். அவர் உலகறியச் செய்த இசைவகையின் பெயர் ஆங்கில எழுத்தில் ‘எக்ஸ்’ என்று முடிவதால் ‘ம்பலாக்ஸ்’ என எழுதிவிடுகிறார்கள். செனகலில் பேசப்படும் வொலோஃப் மொழியில் அந்த எழுத்து தொண்டையில் உரசும் ககர ஒலி. ‘ம்பலாக்’ என்பதே நெருக்கமானது.

அஃப்ரோபீட், அஃப்ரோபீட்ஸ் ஆகிய இரண்டையும் பன்மைக் குழப்பம் என்று நினைத்து ஒன்றாக்கிவிடாதீர்கள். முன்னது நைஜீரிய இசைக்கலைஞர்களான ஃபெலா குட்டியும் டோனி ஆலனும் உருவாக்கிய, நீண்ட வாத்தியப் பகுதிகள் கொண்ட எழுபதுகளின் அரசியல் இசை. பின்னது இந்த நூற்றாண்டில் நைஜீரியாவிலும் கானாவிலும் எழுந்த வெகுசன (பாப்) இசை.

கேள்வி: பாடகரே தம் இன்ஸ்டாகிராம் படத்தைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டார். விக்கிப்பீடியாவுக்கான படக்களஞ்சியமான பொதுவகத்தில் பதிவேற்றலாமா?

முடியாது. காப்புரிமை பொதுவாகப் படத்தில் இருப்பவருக்கு உரியதன்று, எடுத்தவருக்கு உரியது. எடுத்தவர் கட்டற்ற உரிமத்தில் (யாரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியுடன்) தருவதாக எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டுரை படமின்றி இருக்கட்டும்.

கேள்வி: ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தால் மொழிபெயர்த்துப் போட்டால் வேலை விரைவாக முடியுமல்லவா?

மொழிபெயர்க்கத் தடையில்லை, மூலக்கட்டுரை எது என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது எழுதும் குறிப்பில்) குறிப்பிட வேண்டும். ஆனால் இயந்திரம் தந்த ஒரு வரைவில் ‘தண்ணீர்’ என்ற பாடலுக்கு விருது கிடைத்திருந்தது. இசை நிறுவனம் ‘பதிவு முத்திரை’ ஆகியிருந்தது. தனிப்பாடல் வெளியீடு வெறும் ‘ஒற்றை’ என்று நின்றது. இவற்றைக் களைந்து, செத்துப்போன இணைப்புகளுக்கு இணைய ஆவணகங்களில் சேமிக்கப்பட்ட படிகளையும் தேடிச் சேர்ப்பதற்குள் புதிதாகவே எழுதி முடித்துவிடலாம்.

கேள்வி: ஆப்பிரிக்க மொழி எதுவும் அறியாத நான் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டு இசை விருதின் ஒரே ஓர் ஆண்டுப் பட்டியலைத் திறந்தால் சில பெயர்கள் கட்டுரையில்லாத சிவப்பு இணைப்புகளாகத் தெரியும். அவற்றில் ஒன்றுக்கு மூன்று நல்ல சான்றுகள் கிடைக்கின்றனவா என்று ஒரு மாலைப்பொழுது தேடுங்கள். கிடைக்காவிட்டால் தேடியதைப் பேச்சுப் பக்கத்தில் குறித்துவைத்துவிட்டு அடுத்த பெயருக்குச் செல்லுங்கள்.